முக்கோணம் போட்ட ஜீப்

எங்கள் அமராவதிபுதூர் பள்ளிக்கூடத்துக்கு ஒருமுறை ஊசி போட வந்தார்கள். ஒரு குத்தும் வாங்காமல் நாங்கள் தப்பித்தோம். தப்பவைத்தது அம்மா. அதற்காகத் தெருவே அவளைக் கொஞ்ச நாள் தலையில் வைத்துக் கொண்டாடியது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கு பார்த்தாலும் குடும்பக் கட்டுப்பாட்டுப் பேச்சு. சுவரில், பஸ்ஸில், சுகாதாரத் துறை ஜீப்பில் எல்லாம் அதன் அடையாளமான சிவப்பு முக்கோணம். மழைக்கு முன் பிள்ளைகளுக்குக் காலரா ஊசி போட நர்ஸம்மா வந்து இறங்கியதும் அந்த ஜீப்பில்தான். சுகாதாரத் துறையிடம் இருந்த ஜீப்பே அது ஒன்றுதான். அதைப் பார்த்த ஒருத்தி பார்த்ததைக் குழாயடியில் சொன்னாள். கேட்டவள் அதற்கு ஓர் அர்த்தம் கண்டுபிடித்தாள். அம்மா காதுக்கு வருவதற்குள், பிள்ளைகளுக்கெல்லாம் கருத்தடை ஊசி என்று ஆகிவிட்டது.

இப்போது இதற்குத் ‘தவறான தகவல்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். பொய் என்றால் சொல்கிறவருக்கு அது பொய் என்று தெரிந்திருக்கும். அம்மாவுக்குத் தெரியாது. அரைத்துக்கொண்டிருந்த மாவை அப்படியே போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்தாள். மற்றவர்களின் பிள்ளைகளை அப்படியே விட்டுவிடவும் மனசில்லாமல் வீட்டுக்கு வீடு குரல் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

நர்ஸம்மா திகைத்துப்போனார். என் தங்கை பிறந்தபோது அம்மாவுக்குப் பிரசவம் பார்த்தவரே அவர்தான்.

“இது காலராவுக்கும்மா. நான் எடுத்த புள்ளைகளுக்கு நானே கெடுதல் செய்வேனா?”

“வெவரம் தெரியாம வந்துட்டீக தாயி. ஒங்களையும் ஏமாத்தித்தான் அனுப்பியிருக்காக,” என்றாள் அம்மா, நிஜமான இரக்கத்தோடு.

நர்ஸம்மா என் வகுப்பில் படித்த தன் மகனைக் கூப்பிட்டு, எல்லோர் கண் முன்னாலும் அவனுக்கு ஊசியைப் போட்டார். அவன் அலறினான். இதற்கு மேல் என்ன வேண்டும் என்பதுபோல் அவர் நிமிர்ந்து பார்த்தார். கூட்டத்தில் ஒருத்தி வாயில் அடித்துக்கொண்டாள்.

“அடப் பாவமே, பெத்த புள்ளைக்கே போட்டுட்டாகளே!”

அதுவரை தயங்கி நின்ற தாய்மார்களும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

எனக்கு நர்ஸம்மா மகனை நினைத்து அழுகையே வந்தது. இனி அவனுக்குக் கல்யாணம் ஆனாலும் பிள்ளை பிறக்காது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். வகுப்பில் எல்லோரும் அவனுக்கு விட்டுக்கொடுத்தோம். கோலியில் அவனையே ஜெயிக்க விட்டோம். நான் என் கமர்கட்டில் பாதியைக் கடித்துக் கொடுத்தேன். அவன் காரணம் கேட்காமல் தின்றான்.

ஐப்பசி மழையில் தங்கைக்கு வாந்தியும் பேதியும் கண்டது. விடியும்போது கண்கள் குழிந்து, கூப்பிட்டால் திரும்பக்கூட இல்லை. அப்பா கண்டனூரில் கல்யாண வீட்டு மரவேலைக்குப் போயிருந்தார். அம்மா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, நர்ஸம்மா வீட்டுக்குத்தான் ஓடினாள்.

நர்ஸம்மா பழசை எடுக்கவே இல்லை. உப்பும் சர்க்கரையும் கரைத்துத் தங்கைக்குப் புகட்டிக்கொண்டே ஜீப்புக்கு ஆள் அனுப்பினார். அதே ஜீப்தான் வந்தது. முக்கோணம் அம்மா கண்ணில் படவே இல்லை. பிள்ளையோடு ஏறி உட்கார்ந்து, “சீக்கிரம் போகச் சொல்லுங்க தாயி,” என்று நர்ஸம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தங்கை காரைக்குடி ஆஸ்பத்திரியில் கிடந்து எப்படியோ பிழைத்து வந்தாள்.

அன்று ஜீப் போன பிறகு நர்ஸம்மா வீட்டு வாசலில் நானும் அவர் மகனும்தான் நின்றோம். அவன் தன் தட்டிலிருந்து ஒரு இட்லியை என்னிடம் நீட்டினான். அதை வாங்கிக்கொண்டு, பாவம், இவனுக்குப் பிள்ளையே பிறக்காதே என்று நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.