பதினாறு கோரும் ஒரு பூமாரியும்

கல்யாண வீடியோவில் ரோஜாப்பூ கொட்ட வேண்டும் என்று முதலில் யோசித்தவன் எவனோ, அவன் என் கையில் கிடைத்தால் விடமாட்டேன்.

வடபழனி டிப்போவுக்குப் பின்னால், ஒரு மாடியில் எடிட்டிங் அறை வைத்திருக்கிறேன். பழைய கம்ப்யூட்டரில் ஒரு கல்யாணத்தை எடிட் செய்து வீடியோ ஃபைலாக மாற்ற நாள் முழுக்க ஓடும். அதனால்தான் பதினாறு கோர் உள்ள பிராசஸர் வாங்கினேன். ஒரே ஆள் மாவாட்டுகிற இடத்தில் பதினாறு பேர் உட்கார்ந்த மாதிரி. ‘பதினாறு கோர்! காலையில் முகூர்த்தம், மாலையில் வீடியோ’ என்று வாசலில் போர்டும் மாட்டினேன்.

போர்டைப் பார்த்துத்தான் ஒரு கல்யாணப் பெண்ணின் பெரியப்பா வந்தார். தி.நகரில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். பெண்ணின் அப்பா அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். எனக்காகத் தள்ளிப்போடாதீர்கள் என்று அவரே சொல்லிவிட்டாராம். தாலி ஏறியதும் பெண் மாலையோடு மேடையிலிருந்து இறங்கி, கேமராவோடு நின்ற என்னிடம் நேராக வந்தாள்.

“அண்ணா, சாயங்காலம் அப்பாவுக்கு ஆபரேஷன். அதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் என்னை உள்ள விடுவாங்க. தாலி கட்டினதை மட்டும் அவர் பாத்துட்டா போதும்ணா.”

சொந்தக்காரர்கள் போனில் எடுத்ததெல்லாம் அட்சதை போடும் கைகளும் முதுகுகளும்தான். தாலி தெரிந்தது என் கேமராவில் மட்டும்.

“அத மட்டும் வெட்டி உடனே தரேம்மா” என்றேன்.

பெரியப்பா குறுக்கே வந்தார். “இன்னா நைனா, மொட்டையாவா குடுப்ப? முன்னாடி புள்ளையார் இல்ல, பத்திரிகை இல்ல, பூ இல்ல. படுத்துனு கீற மனுஷனுக்கு அபசகுனமா காட்டுவியா?”

“பூ போட்டா லேட் ஆவும் சார்.”

“பதினாறு கோருன்னு போர்டு மாட்டிகினு கீற. பூ தூவ துப்பில்லயா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த மண்டபத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். பெண் தலை குனிந்துகொண்டாள்.

பூ விழும் எஃபெக்ட் பழையது. எத்தனை கோர் இருந்தாலும் அது ஒரே ஒரு கோரில்தான் ஓடும். அது ஒவ்வொரு ஃபிரேமாகப் பூத்தூவி அனுப்பினால்தான் மற்றவற்றுக்கு வேலை. அறைக்கு வந்து ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு கோர் மூச்சு முட்ட உழைத்தது. மற்ற பதினைந்தும் பந்தி முடிந்த நாற்காலிகள் மாதிரி சும்மா கிடந்தன. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்ட பெண் போன் செய்துகொண்டே இருந்தாள்.

“ஆச்சாண்ணா? கூப்புடுறாங்க. ஆச்சா?”

பொறுக்காமல் நிறுத்தினேன். பூ, பிள்ளையார், பத்திரிகை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுத் தாலி கட்டுவதை மட்டும் ஓடவிட்டேன். பதினாறும் ஒன்றாகப் பாய்ந்தன. வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அவள் போனுக்கு அனுப்பினேன்.

“ஆபரேஷனுக்குத் தள்ளிக்கினு போய்ட்டாங்கண்ணா” என்று மட்டும் பதில் வந்தது.

அவர் அதன் பிறகு கண் விழிக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து பெரியப்பா மறுபடியும் மாடிப்படி ஏறி வந்தார். திட்டுவதற்கு எல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். அவர் தன் தம்பியின் போட்டோவை மேசைமேல் வைத்தார்.

“கல்யாண வீடியோல முன்னாடி இத்த வச்சிடு நைனா. மேல பூ கொட்ற மாரி. நெறைய கொட்டணும்.”

அழுதுவிடுவார் போலிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை.

“பொண்ணு கேட்டுச்சா?” என்றேன்.

“அது எந்த வீடியோவும் வாணாங்குது. நீ போடு.”

போட்டேன். வேறென்ன செய்வது, அதுதானே என் பிழைப்பு. ஒரு கோர் அவர் முகத்தின்மேல் பூவாகக் கொட்டிக்கொண்டிருந்தது. பதினைந்தும் சும்மா கிடந்தன. ஆச்சா என்று கேட்டு இந்த முறை யாரும் போன் செய்யவில்லை.