மச்சான் சொல்லிக்கொடுத்த கொரியா பாஷை

வெளிநாட்டு வேலைக்காக முன்பின் தெரியாத ஒரு பாஷையை மனப்பாடம் செய்வதும் ஒரு உத்தியோகம்தான். சம்பளம் மட்டும் கிடையாது. இதில் நான் செய்த கோமாளித்தனம் எல்லாமே என் மச்சான் சொன்னதை நம்பிச் செய்தது. மச்சான் சொன்னதையோ நான் முப்பது வருஷமாகச் சந்தேகப்பட்டு வருகிறேன்.

மச்சான் ஞானப்பிரகாசம் என் அக்காவின் வீட்டுக்காரர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொரியாவில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு ஏற்காட்டுக்குத் திரும்பினார். கொரியாவில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்ததாகச் சொன்னார். நான் அப்போது கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். காபிப் பழம் பறித்து முடிந்ததும் என் வேலையும் முடிந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்து சேலத்து ஏஜெண்ட் ஒருவர், சித்திரையில் கொரியாக்காரர் ஒருவர் ஆள் எடுக்க வருகிறார், அவர் பாஷையில் அவரோடு பேசத் தெரிந்தவனுக்கு ஃபாக்டரி வேலை நிச்சயம் என்றார். எனக்கு வேறு போக்கிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் மச்சான் வீட்டில் வகுப்பு. கூடப் படித்தவன் கிளியூர் சின்னராசு. நாலு ஏக்கர் காபி வைத்திருந்த என் வயசுக்காரன். நீங்களும் ஏதாவது ஒரு பாஷையோடு மல்லுக்கட்டியவர் என்றால், சிரிப்பதற்கு முன் உங்கள் பழைய நோட்டை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

வயசு என்ன?

முதல் வாரம் மச்சான் ஒரு வார்த்தைகூடச் சொல்லித்தரவில்லை. கொரியாவில் எதிராளியின் வயசு தெரியாமல் வாயைத் திறக்கக் கூடாது, ஒரு வயசு மூத்தவர் என்றாலும் பேசுகிற விதமே வேறு, அதனால் முதலில் வயசைக் கேட்டுப் பழகு என்றார். நான் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். திங்கட்கிழமை எஸ்டேட்டுக்குப் புது மேனேஜர் வந்தார். மாலை போட்டு முடித்ததும் குனிந்து வணங்கி, உங்களுக்கு என்ன வயசுங்க சார் என்று கேட்டேன்.

அவர் மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “நான் ரிட்டயராக இன்னும் பதினோரு வருஷம் இருக்குதுப்பா. அதுக்குள்ள உனக்கென்ன அவசரம்?”

சுவரைப் பார்த்து டீ

அடுத்த பாடம், மூத்தவர்கள் எதிரில் குடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பது. அது சாராயத்துக்கு மட்டும் உள்ள வழக்கம் என்று பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. மச்சான் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒண்டிக்கடை முக்கில் பழனியம்மாவின் டீக்கடை பெஞ்சில் எப்போதும் நாலு பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நானும் சின்னராசும் கிளாஸை இரண்டு கையாலும் வாங்கி, சுவர்ப் பக்கம் திரும்பிக் குடித்துவிட்டு, மறுபடி இந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்போம். ஒரு மடக்குக்கு ஒரு திருப்பம்.

நாலாம் நாள் பெஞ்சில் இருந்த ஒருவர் தன் டீயை முகர்ந்து பார்க்க ஆரம்பித்தார். மறுநாள் இரண்டு பேர் எதிர்க் கடைக்கு மாறிவிட்டார்கள். பழனியம்மா பாய்லரை விட்டு இறங்கி வந்தார். “டீ புடிக்கலீன்னா சொல்லிப்போடு கண்ணு. இப்படிச் செவுத்தப் பாத்துக் குடிச்சீங்கன்னா என்ர கடைக்கு ஆரு வருவாங்க?”

இருபது வளைவு

ஒருவழியாக வார்த்தைகள் வந்தன. சாப்பிட்டாயா, இன்னும் கொஞ்சம் சாப்பிடு, ஏன் இவ்வளவு நேரம், காதை மூடிக்கொள். இப்படி ஒரு நோட்டு நிறைய. மெஷினுக்கு என்ன, ஷிப்டுக்கு என்ன என்று கேட்டால், அதெல்லாம் அங்கே போனால் தானாக வரும் என்பார். எனக்கு அப்போதே உறுத்தியது. ஆனால் உறுத்தலை வெளியே சொன்னால் வகுப்பு நின்றுவிடுமோ என்று பேசாமல் எழுதிக்கொண்டேன்.

சேலத்துக்கு பஸ்ஸில் இறங்கும்போது நானும் சின்னராசும் பேசிப் பழகினோம். அவன் சாப்பிட்டாயா என்பான். நான் சாப்பிட்டேன் என்பேன். இன்னும் கொஞ்சம் சாப்பிடு என்பான். போதும் என்பதற்கு எங்களிடம் வார்த்தை இல்லாததால் நான் திருப்பி அவனைச் சாப்பிடச் சொல்வேன். அடிவாரம் வந்ததும் கண்டக்டர் எங்கள் சீட்டருகில் வந்து நின்றார். “ஏனுங்க, இருவது வளைவுலயும் அதையேதான் பேசறீங்க. இது சண்டைங்களா, சமாதானமுங்களா?”

காதை மூடச் சொன்னது

தேர்வு சேலத்தில், ஒரு லாட்ஜின் மாடி அறையில். கொரியாக்காரருக்கு ஐம்பது வயசிருக்கும். கோட்டைக் கழற்றிப் போட்டிருந்தும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் மொழிபெயர்க்க சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா. கொரியாக்காரர் முதல் கேள்வி கேட்டார், புரியவில்லை. இரண்டாவது, அதுவும் புரியவில்லை. மூன்றாவது கேள்விக்கு அவர் என் பேப்பரை ஓரமாகத் தள்ளினார். எஸ்டேட்டிலும் இடமில்லை, இங்கேயும் இல்லை என்றால் எங்கே போவது? எழுந்து குனிந்து வணங்கி, நோட்டில் இருந்ததையெல்லாம் ஒப்பிக்க ஆரம்பித்தேன். சாப்பிட்டாயா, இன்னும் கொஞ்சம் சாப்பிடு, எலும்பாய்ப் போய்விட்டாயே, கடைக்கு வந்தவர்கள் போனதும் நீ உட்கார்ந்து சாப்பிடு. வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த அந்த மனிதரிடம், வெளியே குளிர், காதை மூடிக்கொள் என்றேன். கால் ஈரமாக இருக்கிறது, அடுப்புப் பக்கம் வா என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு அந்தக் கடைசி வரியை மறுபடி சொல்லச் சொல்லிக் கை காட்டினார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் அந்த அம்மாவிடம் ஏதோ நீளமாகப் பேசினார். அந்த அம்மா என்னிடம் சொன்னார்: “வேலைக்கு நீங்க சரிப்பட மாட்டீங்களாம். ஆனா இதை உங்களுக்குச் சொல்லிக்குடுத்தவர் பட்டறையில இருந்திருக்க முடியாதாம். சாப்பாட்டுக் கடை நடத்துற வயசான அம்மா ஒருத்தங்க, தன் மகன்கிட்டப் பேசுற பேச்சாம் இது.”

நான் கேட்டது

வெளியே வந்த என் முகத்தைப் பார்த்துவிட்டு சின்னராசு உள்ளே போகவே இல்லை. ஊர் திரும்பி மச்சானிடம், கேள்வி கஷ்டம், தோற்றுவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். நொம்ப வேகமாப் பேசியிருப்பாங்க மாப்ளே என்றார். அவர் என்னிடம் பட்டறை என்று சொன்ன பொய்யும், நான் அவரிடம் கேள்வி கஷ்டம் என்று சொன்ன பொய்யும் அதற்கப்புறம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரே பந்தியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டன. எஸ்டேட்டிலோ என்னைப் போகச் சொல்ல மறந்துவிட்டார்கள், நானும் ஞாபகப்படுத்தவில்லை, இருபத்தைந்து வருஷம் ஓட்டி ரிட்டயரும் ஆகிவிட்டேன். ஆனால் படுத்தால் ஒரு கேள்வி வந்துவிடும். அக்கா முன்னால் அவர் கூனிக் குறுகிவிடக் கூடாது என்றா அந்தப் பொய்யைப் பற்றிக் கேட்காமல் இருந்தேன்? அல்லது, கேட்டிருக்க வேண்டிய சமயத்தில் மெஷினுக்கு என்ன வார்த்தை என்று அழுத்திக் கேட்காத என் குற்றம் வெளியே வந்துவிடும் என்றா?

போன மாதம் மச்சானுக்குக் கண் ஆபரேஷன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். அக்கா அடுப்படியில் இருந்தாள். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்பதாகத்தான் வழியெல்லாம் தீர்மானம். லாட்ஜில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கண்ணைக் கட்டியிருந்ததால் அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. கை மட்டும் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டது.

ஒருவரின் இரண்டு வருஷத்தை வார்த்தை பிசகாமல் மனப்பாடம் செய்து, ஒப்பித்து, தோற்றவன் என்கிற ஒரே உரிமையில் கடைசியில் நான் கேட்டது இதுதான்: “ஏனுங்க மச்சான், ஊருக்குக் கெளம்பறப்ப அந்த அம்மாகிட்டச் சொல்லிப்போட்டுத்தானுங்களே வந்தீங்க?”