ஐந்தரை லிட்டர் பயம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரி வார்டில் நின்றுகொண்டு நான் கை தட்டினேன். எதற்குத் தெரியுமா? என் கணவருக்குச் சிறுநீர் வந்ததற்கு.

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டில் ஒருவருக்கு ஐந்து நாள் வராமல் இருந்தால் தெரியும்...

இந்தப் பத்தியை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என் கணவர் ராஜேந்திரனைத் தெரிந்திருக்கும். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் வேலை. ஐம்பத்திரண்டு வயது. சுகர் இல்லை, பிரஷர் இல்லை. கோவில்பத்திலிருந்து தினமும் பைக்கில் போய்வருகிற, லீவு கேட்கக் கூச்சப்படுகிற ஆள். நெடுங்காட்டில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அறுவடை நடந்த ஞாயிறன்று அங்கே போனவர், கொளுத்துகிற வெயிலில் மெஷின் பின்னாலேயே நின்றுவிட்டு வந்தார். மறுநாள் ஆரம்பித்தது வாந்தியும் வயிற்றுப்போக்கும். கூடவே உடம்பெல்லாம் வலி.

"டாக்டர்ட்ட போயிட்டு வந்துடுவோம், வாங்க" என்றேன்.

"வயித்துப்போக்குக்கெல்லாமா ஆஸ்பத்திரி? நாளைக்கு சரியாயிடும், விடு."

என் மூட்டுவலிக்கு வாங்கிய மாத்திரை வீட்டில் இருந்தது. அவர் முனகுவதைப் பார்க்க முடியாமல், நான்தான் எடுத்துக் கொடுத்தேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மூன்று நாள். வலி குறைந்தது. பரவாயில்லையே, நமக்கும் வைத்தியம் தெரிகிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை அவர் முகம் உப்பியிருந்தது. "நேத்து மத்தியானத்துலேர்ந்து ஒண்ணுக்கே வரல" என்றார் — ஏதோ பஸ் வரவில்லை என்று சொல்வதுபோல.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு, கிரியாட்டினின், எகிறியிருந்தது. சிறுநீரக டாக்டர் இளம் பெண். ரிப்போர்ட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "வலி மாத்திரை ஏதாவது சாப்பிட்டாரா?"



"நான்தான் கொடுத்தேன் டாக்டர்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "உடம்புல தண்ணி வத்திப்போன நேரத்துல அந்த மாத்திரை, கிட்னிக்குப் போற ரத்தத்த இன்னும் குறைச்சிடும்மா. உள்ள இருக்கிற நுண்குழாய்ங்கல்லாம் அடிபட்டிருக்கு. பெரும்பாலும் சரியாயிடும். பார்ப்போம்" என்றார்.

பெரும்பாலும்! அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நாள் ஓட்டினேன். இரண்டு முறை டயாலிசிஸ் நடந்தது. கட்டிலுக்குக் கீழே தொங்கிய, சிறுநீர் சேரும் பையில் சில சொட்டுகளைத் தவிர ஒன்றுமில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்ததைவிட அந்தப் பையைப் பார்த்ததுதான் அதிகம்.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் நர்ஸ் செல்வி கத்தினாள். கிளிஞ்சல்மேட்டுப் பெண், குரல் கொஞ்சம் பெரிது. "அக்கா, இங்க வாங்க! இறங்குது பாருங்க!"

அதற்குத்தான் கை தட்டினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டுமே!

ஆனால் சந்தோஷம் இரண்டு நாள்தான்.

முதல் நாள் அரை லிட்டர். மறுநாள் இரண்டு. அதற்கடுத்த நாள் மூன்றரை. வெள்ளிக்கிழமை அந்த ஒரு நாள் கணக்கை மட்டும் கூட்டிப் பார்த்தால்... ஐந்தரை லிட்டர்! பையை மாற்ற மாற்ற நிறைகிறது. நிறமே இல்லை. குடத்திலிருந்து மொண்ட தண்ணீர் மாதிரி இருக்கிறது. அவருக்கோ நாக்கு வறண்டு, கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கிவிட்டது என்றார்கள். அது ரொம்ப இறங்கினால் இதயத் துடிப்பு தடுமாறுமாம். போதாததற்குச் சிறுநீரில் சர்க்கரை வேறு.

வராதபோது பயந்தேன், நியாயம். வந்தும் பயப்பட வேண்டுமா?

டாக்டரை வார்டு வாசலிலேயே மறித்தேன். "சுகரும் வந்துடுச்சா டாக்டர் அவருக்கு? எல்லாம் தண்ணியாவே போகுதே..."

"சொல்றேம்மா, உக்காருங்க." அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். "கிட்னி ஒரு நாளைக்கு எவ்வளவு வடிகட்டுது தெரியுமா? கிட்டத்தட்ட நூத்தியெண்பது லிட்டர்."

"நூத்தியெண்பதா!"

"ஆமா. ரத்தத்துலேர்ந்து தண்ணி, உப்பு, சர்க்கரை எல்லாம் வடிஞ்சு அந்தக் குழாய்ங்களுக்குள்ள வந்துடும். குழாய்தான் உடம்புக்கு வேண்டியத திரும்ப உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்பும். சர்க்கரைய ஆரம்பத்துலயே கிட்டத்தட்ட மொத்தமா எடுத்துக்கும். உப்பையும் தண்ணியையும் வழிநெடுக எடுத்துக்கிட்டே போகும். கடைசில ஒண்ணரை, ரெண்டு லிட்டர்தான் மிஞ்சும். அதத்தான் நாம வெளிய விடறோம்."

"இவருக்கு?"

"வடிகட்டுறது ஆரம்பிச்சிடுச்சு. உறிஞ்சுற குழாய் இன்னும் தேறல. அதான் தண்ணி, உப்பு, சர்க்கரை எல்லாம் தப்பிச்சுப் போகுது. ரத்தத்துல சுகர் நார்மல்தான். சர்க்கரை வியாதி இல்ல, பயப்படாதீங்க."

"எப்ப தேறும் டாக்டர்?"

"ஆளுக்கு ஆள் மாறும். அதுவரைக்கும் போறதப் பார்த்து ட்ரிப்ஸ்ல குடுத்துக்கிட்டே இருக்கணும். அளவ மட்டும் சரியா எழுதுங்க."

எழுதினேன். மணிக்கு ஒரு முறை, அளவுக் குவளையில் ஊற்றி, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து. இத்தனை வருடம் பத்தி எழுதியதில் இவ்வளவு கவனமாக நான் எதையும் எழுதியதில்லை.

எழுதும்போது ஒன்று தோன்றியது. நூற்றெண்பது லிட்டரை வடிகட்டுவது பெரிதில்லை. அதில் எது வேண்டும், எது வேண்டாம் என்று பார்த்துப் பார்த்துத் திரும்ப எடுத்துவைக்கிறதே, அதுதான் வேலை. ஐம்பத்திரண்டு வருடமாக ஒரு நாள் லீவு போடாமல் அவருக்குள் அது நடந்திருக்கிறது. அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நின்ற பிறகுதான் தெரிகிறது.

அன்று மத்தியானம், மனதுக்குள் வைத்திருக்க முடியாமல் சொல்லிவிட்டேன். "என்னாலதாங்க இப்படி ஆயிடுச்சு."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "நீ குடுத்தே. வாயத் தொறந்து முழுங்குனது யாரு?" பிறகு, "அழுவாத. கால் இழுக்குது, கொஞ்சம் புடிச்சு வுடு" என்றார்.

பிடித்துவிட்டேன். அழுகையும் நின்றபாடில்லை.

அடுத்த மூன்று நாளும் ஐந்து லிட்டருக்குக் குறையவில்லை. காலையிலும் மாலையிலும் ரத்தம் எடுத்தார்கள். அவர் கையில் ஊசி குத்த இடமில்லை. 'சிலருக்குக் கிட்னி முழுசாகத் தேறாது' என்று யாரோ வராந்தாவில் பேசிக்கொண்டு போனது என் காதில் விழுந்தது. யாரைப் பற்றியோ... ஆனாலும் குவளையைக் கீழே போட்டுவிட்டேன்.

அடுத்த செவ்வாய் காலை செல்வி குவளையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அக்கா... கலர் வந்துடுச்சுக்கா!"

இளமஞ்சள்.

டாக்டர் வந்து பார்த்தார். முதல்முறையாகச் சிரித்தார். "குழாய் தண்ணிய திரும்ப எடுக்க ஆரம்பிச்சிடுச்சு" என்றார். அன்று நான்கு லிட்டர். பிறகு மூன்று. பிறகு இரண்டு. பொட்டாசியம் ஏறியது. சிறுநீரில் சர்க்கரை போன இடம் தெரியவில்லை.

இப்போது வீட்டில் இருக்கிறார். கிரியாட்டினின் இன்னும் முழுசாக இறங்கவில்லை. வாரா வாரம் ரத்தப் பரிசோதனை. டெஸ்ட் நாள் காலையில் எனக்குக் காபி இறங்குவதில்லை. அவர் பாத்ரூம் போனால், நான் வெளியே நின்று காதைத் தீட்டிக்கொள்கிறேன்.

"ஆபீஸ் போக ஆரம்பிச்சா அங்கயும் வந்து நிப்பியா?" என்கிறார் உள்ளேயிருந்து.

நிற்பேன். அதற்கென்ன?

உங்களுக்கு ஒன்றே ஒன்று: வாந்தி, வயிற்றுப்போக்கு நேரத்தில் உங்கள் வலி மாத்திரையை எடுத்து அடுத்தவர் வாயில் போடாதீர்கள். டாக்டரைக் கேளுங்கள்.

அப்புறம்... கேட்கிறேனே என்று தப்பாக நினைக்காதீர்கள். இன்று காலை, என்ன நிறம்?