ஆஸ்டினில் இரண்டு பாட்டு

வெள்ளிக்கிழமை காலை ஆறே காலுக்கு நெவார்க்கில் விமானம் ஏறினேன். ஹூஸ்டனுக்குப் போகவர டிக்கெட் 312 டாலர், நான்கு மணி நேரப் பயணம். என் தங்கை நஸ்ரீன் ஹூஸ்டனுக்குத் தெற்கே பேர்லேண்டில் பதினொரு வருடமாக இருக்கிறாள். அவள் வீட்டுக்கு நான் போவது இதுவே முதல் தடவை.

அவள் கணவர் டக் கனடாக்காரர், ஒரு ராக் குழுவில் பேஸ் கிதார் வாசித்தவர். ஹூஸ்டனில் மேடையிலிருந்து வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தபோது, அந்தக் கையைப் பழக்கிச் சரிசெய்த பிசியோதெரபிஸ்ட் நஸ்ரீன். கல்யாணச் செய்தி வந்ததும், இனி அவள் போனை யாரும் எடுக்கக் கூடாது என்றார் எங்களைப் பெற்ற அத்தா. நானும் எடுக்கவில்லை. அத்தா இறந்த பிறகும் எடுக்கவில்லை; அதற்கு என்னிடம் நல்ல காரணம் எதுவும் கிடையாது. போன மாதம் அவளிடமிருந்து ஒரே வரி வந்தது: "டக்குக்கு ரெண்டு கையும் போயிடுச்சு அண்ணே."

பேர்லேண்டில் பஸ் என்று ஒன்றில்லை. டாக்சியில் போய் இறங்கினேன். கதவைத் திறந்த நஸ்ரீன், "வா, சாப்ட்டியா?" என்றாள். அவ்வளவுதான்.

டக் சக்கர நாற்காலியில் இருந்தார். தசைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்ளும் நரம்பு நோய். இரண்டு வருடத்துக்கு முன் இடது கைச் சுண்டுவிரலில் தொடங்கியது. பழக்கத்தில் குலுக்கக் கையை நீட்டிவிட்டேன். அவர்தான் முதலில் சிரித்தார்.

அன்று மாலை மூச்சு வாங்கி வாங்கித் தன் கதையைச் சொன்னார். ஒன்டாரியோவில் சட்பரி என்ற சுரங்க ஊர், நிக்கல் சுரங்கத்தில் அப்பா. பள்ளிக்கூட நண்பர்களில் கிதாருக்கு ஏற்கெனவே இரண்டு பேர் இருந்ததால் இவருக்கு பேஸ் கிடைத்தது. பத்தொன்பது வயதிலிருந்து ஒரு பழைய வேனில் படுத்துறங்கி, பனியில் டொரண்டோவுக்கும் வான்கூவருக்கும் அலைந்தார்கள். மூன்றாவது ஆல்பம் ஓடியது. அதன்பின் இருபது வருடம் மேடைதான். விரல் தடுமாறத் தொடங்கியதும், 'நீ குணமாகும்வரை' என்று வேறொருவரைச் சேர்த்துக்கொண்டார்கள். இந்த நோயில் யாரும் குணமாவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் குழு சனிக்கிழமை ஆஸ்டினில் வாசிக்கிறது.

"மூணு மாசமா கேட்டுட்டே இருக்காரு," என்றாள் நஸ்ரீன். "நாளைக்கு எனக்கு ஷிஃப்ட். நீ டிரைவ் பண்ணுவியா?"

சனி காலை பத்து மணி. சரிவுப்பலகை வைத்த வேனில் நாற்காலியை ஏற்றிப் பூட்டினோம். நூற்றெழுபது மைல். கொலம்பஸில் பெட்ரோல் போட்டுக்கொண்டு 71ஆம் சாலையில் திரும்பினேன். லா கிரேஞ்ச் அருகே தண்ணீர் கொடுத்தபோது அவருக்குப் புரையேறி முகம் நீலமானது. நஸ்ரீன் காலையில் காட்டியிருந்தபடி தாடையை நெஞ்சோடு தாழ்த்திப் பிடித்தேன். மூச்சு திரும்ப ஒரு நிமிடம் ஆயிற்று. தண்ணீர் பாட்டிலை நான் தவறவிட்டிருந்ததைப் பார்த்து, "முதல் தடவை அப்படித்தான்," என்றார்.

இரண்டு மணிக்குத் திறந்தவெளி மேடை. இரவு நிகழ்ச்சிக்கு ஒலி சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பது வருட நண்பரான பாடகர் ஓடிவந்து மண்டியிட்டுக் கட்டிக்கொண்டார். ஐந்து நிமிடம் பேசினார், இரண்டு முறை கடிகாரம் பார்த்தார். பிறகு வாசித்தார்கள். முதல் இரண்டு பாட்டுமே டக் மெட்டமைத்தவை. அவர் கண்ணை மூடியிருந்தார். இரண்டாவது முடிந்ததும், "போகலாம்," என்றார்.

பாஸ்ட்ராப் தாண்டினோம். பிறகு ஆங்கிலத்தில் கேட்டேன்: "புது ஆள் சரியாக வாசிக்கவில்லையா?"

"ஓர் இடத்தில்கூடப் பிசகவில்லை." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "எங்காவது பிசகும் என்றுதான் போனேன்."

கண்ணாடியில் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார், துடைத்துக்கொள்ள முடியாதே. வண்டியை ஓரம் கட்டி, பின்னால் போய், என் கைக்குட்டையால் துடைத்துவிட்டேன்.

ஞாயிறு மதியம் விமான நிலையத்துக்கு நஸ்ரீனே காரில் கொண்டுவிட்டாள். பதினொரு வருடம் சொல்லாததைச் சொன்னேன். "என்னை மன்னிச்சிரு."

அவள் சாலையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "அப்பவே சொல்லியிருந்தா அழுதிருப்பேன் அண்ணே. இப்ப கோபப்படக்கூட எனக்கு டைம் இல்ல. அடுத்த மாசம் வர முடியுமா? அவரத் தூக்க ரெண்டு பேர் வேணும்."

"வரேன்," என்றேன்.

டக் அதன்பின் ஏழு வாரம் இருந்தார். நான் இரண்டு முறை போனேன், இரண்டாவது அடக்கத்துக்கு.

அந்த ஞாயிறு, நெவார்க்கை அடுத்த பிஸ்கட்டவேயில் வீடு வந்து சேர்ந்தபோது மனைவியும் பிள்ளைகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தட்டை இழுத்தான், ஒருத்தி ஊறுகாய் பாட்டிலைத் திறந்தாள். உட்காரச் சொன்னார்கள். நான் அவர்கள் கைகளையே பார்த்தபடி நின்றேன்.