ரேடியேட்டரில் வெள்ளைத் தண்ணீர்

விடியற்காலையில் கம்பம் ஜீப் ஸ்டாண்டுக்குப் போனால் காது அடைத்துவிடும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் இருக்கும் ஏலக்காய் எஸ்டேட்டுகளுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ஏறுகிற ஜீப்புகள் அத்தனையும் அங்கேதான் உறுமிக்கொண்டு நிற்கும். அந்தக் கூட்டத்தில் ஸ்டியரிங் பிடிக்கிற ஒரே பெண் காமயகவுண்டன்பட்டி சங்கிலியம்மாள். தைரியசாலி என்று யாராவது பாராட்டினால் அவளுக்குச் சுள்ளென்று கோபம் வரும். புருஷன் ராக்கப்பனுக்கு முதுகெலும்புத் தட்டு விலகிப் போயிற்று, இனி டிரைவர் சீட்டில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், வீட்டு வாசலில் ஜீப் நிற்கிறது. வேறு யார் ஓட்டுவது? இதில் தைரியம் எங்கே வந்தது என்பாள்.

அதற்கு முன்னால் பதினோரு வருஷம் அதே ஜீப்பின் பின்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்து ஏலக்காய் பறிக்கப் போனவள் அவள். கோம்பைப் பக்கத்து மண்பாதைகளில் மூன்று மாதம் ஓட்டிப் பழகினாள். ஒரு வாழைத்தோப்பு வேலியைச் சாய்த்தாள். லைசென்ஸ் இரண்டாவது தடவை கிடைத்தது. வாய் மட்டும் முதல் நாளிலிருந்தே டிரைவர் வாய்தான். பானெட்டில் யாராவது சாய்ந்து நின்றால்கூட அவள் போடுகிற சத்தம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும்.

ஓட்ட ஆரம்பித்து ஒரு வருஷத்தில் அவள் எடுத்த முடிவுதான் ஊரையே பேச வைத்தது. பழைய எஞ்சின் ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. விபத்தில் சிக்கி நொறுங்கிப்போன ஒரு பிக்கப் வண்டியின் டீசல் எஞ்சினை வாங்கி, அதை ஜீப்புக்குள் பொருத்தச் சொன்னாள். ராக்கப்பன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பதினெட்டு வருஷம் தன்னைச் சுமந்த எஞ்சினைக் கழற்றுவதா என்று மனசு ஆறவில்லை அவருக்கு. கழற்றியதைத் தார்ப்பாயில் சுற்றிக் கொல்லையில் வைத்துக்கொண்டார். பைபாஸ் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் வேல்பாண்டிதான் வேலையைச் செய்தவன். நல்ல கைகாரன். மாற்றத்தை ஆர்.சி. புத்தகத்தில் பதிய வைக்கத் தேனிக்கும் கம்பத்துக்கும் அவள் நடந்த நடை தனிக்கதை. ஸ்டாண்டு ஆண்கள் சும்மா இருப்பார்களா? கிழவன் உடம்பில் இளவட்டத்தின் நெஞ்சை வைத்தால் எத்தனை நாள் தாங்கும் என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அவளும் வாங்கிக் கட்டிக்கொண்டு போகிறவள் இல்லை. ஏற்றத்தில் அவர்களை எல்லாம் முந்திக்கொண்டு போய், மேலே நின்று கையாட்டினாள்.

ஒரு மழைக்காலம் முழுக்க வண்டி பறந்தது. அதற்கப்புறம் ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஏழாவது வளைவில் பானெட்டுக்குள்ளிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. புது எஞ்சின் பழையதைவிட இரண்டு விரற்கடை முன்னால் உட்கார்ந்திருந்ததால், ரேடியேட்டரின் அடி ரப்பர் ஓஸ் ஒரு தகட்டில் உரசி உரசிக் கிழிந்துவிட்டது. எஞ்சினைக் குளிர வைக்கிற கூலண்ட் முழுக்க ரோட்டில் பச்சையாக ஓடியது. சங்கிலியம்மாள் சூடு தணியக் காத்திருந்து, பழைய டியூப்பைக் கீறி ஓஸைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். அப்புறம் கேனை எடுத்துக்கொண்டு, தண்ணீர் கசிகிற பாறை இடுக்கைத் தேடிக் கீழே இறங்கினாள். அரை மணி நேரம் கழித்து மூச்சிரைக்க ஏறி வந்தால் ரேடியேட்டர் கழுத்து வரை நிரம்பியிருந்தது. மேலே போன ஒரு ஜீப்காரர் தண்ணீர் கொடுத்தார் என்றாள் அன்னத்தாய். வண்டியில் வருகிற பன்னிரண்டு பேரில் மூத்தவள் அவள். எஸ்டேட்டில் பேர் கூப்பிடும் நேரம் நெருங்கியிருந்தது. சங்கிலியம்மாள் வேறெதுவும் கேட்காமல் வண்டியை எடுத்தாள்.

அன்று சாயங்காலமே வேல்பாண்டி அரையிருட்டில் பழைய தண்ணீரை வடித்துவிட்டு, புது ஓஸ் மாட்டி, உரசிய தகட்டை வெட்டி எறிந்து, புதுக் கூலண்ட் ஊற்றினான். அத்தோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள். புதன்கிழமை பத்தாவது வளைவில் டெம்பரேச்சர் முள் லேசாகத் தலை தூக்கியது. வியாழக்கிழமை எட்டாவது வளைவிலேயே தூக்கியது. வெள்ளிக்கிழமை ஆறாவது வளைவில் முள் சிவப்புக்குப் போய் நின்றுவிட்டது. பன்னிரண்டு பேரையும் போகிற வருகிற ஜீப்புகளில் கெஞ்சிக் கெஞ்சி ஏற்றி அனுப்பிவிட்டு, வண்டியை உருட்டிக்கொண்டே இறங்கினாள் அவள். சமவெளியில் வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. ஏற்றம் என்றால் மட்டும் கொதித்தது.

அன்று இரவு எஸ்டேட் சூப்பர்வைசர் போன் பண்ணினார். பறிப்பு உச்சத்தில் இருக்கிறது, பன்னிரண்டு கை குறைந்தால் காய் செடியிலேயே பழுத்துப்போகும் என்றார். திங்கட்கிழமை அவள் வண்டி மேலே வந்து சேராவிட்டால், அந்த ஆட்களை ஏற்றும் நடையைச் சுரேஷ்கண்ணனுக்கே நிரந்தரமாகக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். சுரேஷ்கண்ணன் ஸ்டாண்டில் அவளுக்குப் பக்கத்தில் வண்டி போடுகிறவன். நடை போனால் வண்டி வாசலில் நிற்கும், அவள் மறுபடியும் அடுத்தவன் ஜீப்பின் பின்சீட்டுக்குப் போக வேண்டும்.

சனிக்கிழமை காலையில் பட்டறையில் அவள் கையாலேயே ரேடியேட்டர் மூடியைத் திறந்தாள். உள்ளே பச்சையைக் காணோம். வெள்ளையாக, குழகுழவென்று ஏதோ மிதந்தது. வேல்பாண்டி ஒரு விரலை விட்டு எடுத்துப் பார்த்தான். அவன் முகம் விழுந்துவிட்டது.

"ஆயில் தண்ணியில கலந்துருச்சுக்கா. ஹெட் கேஸ்கட் போச்சு. ஹெட்டே வெடிச்சிருந்தாலும் வெடிச்சிருக்கும். எஞ்சினை எறக்கித்தான் ஆகணும்."

இறக்கி, மதுரைக்கு அனுப்பி, சாமான் வந்து பூட்ட மூன்று வாரம் என்றான். அவன் சொன்னதில் தப்பும் இல்லை. தண்ணீர் பால் மாதிரி வெளுத்தால் ஆயில் கலந்துவிட்டது என்றுதான் எந்த மெக்கானிக்கும் சொல்வான். சேதி அரை மணி நேரத்தில் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. அங்கிருந்து இரண்டு பேர் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வீட்டிலிருந்து ராக்கப்பன் போனில், கொல்லையில் இருப்பதைத் துடைத்து வைக்கட்டுமா என்று கேட்டார். அவர் நல்ல மனசோடுதான் கேட்டார். அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

சங்கிலியம்மாள் வெள்ளை அப்பிய கையைத் தலைத்துண்டில் துடைத்து, துண்டை வெயிலில் கிடந்த டயர் மேல் வீசிவிட்டு, மர நிழலில் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை. ஆயில் அளவுக் குச்சியை மூன்று தடவை இழுத்துப் பார்த்தாயிற்று. ஆயில் சொட்டுக்கூடக் குறையவில்லை. புகையும் வெள்ளையாக வரவில்லை. ஆயில் குறையாமல் தண்ணீருக்குள் மட்டும் எங்கிருந்து வரும்? இதைக் கேட்டதற்கு வேல்பாண்டி, போகப் போகத் தெரியும் அக்கா என்றான். அவளுக்குப் போகப் போகத் தெரிந்துகொள்ள நேரம் இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து எழுந்து துண்டை எடுத்தாள். துண்டு மடங்கவில்லை. கை துடைத்த இடம் அட்டை மாதிரி விறைத்து நின்றது. நகத்தால் சுரண்டினாள். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது.

வீரபாண்டித் திருவிழாவுக்கு ராக்கப்பனின் வேட்டிக்கு வருஷா வருஷம் கஞ்சி போடுகிறவள் அவள். அந்த விறைப்பு அவள் கைக்குத் தெரியாதா? ஆயில் பட்ட துணி ஜென்மத்துக்கும் விறைக்காது. துண்டை மூக்கில் வைத்துப் பார்த்தாள். கூலண்ட் வாடைக்கு அடியில் புளித்த வாடை லேசாக அடித்தது. துண்டை அப்படியே குச்சியாகப் பிடித்துக்கொண்டு வேல்பாண்டி முன்னால் போய் நின்றாள்.

"ஏலே வேலு, இது ஆயில் இல்ல. கஞ்சி."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஒரு டம்ளர் வெந்நீர் வாங்கி அந்த வெள்ளையை அதில் கரைத்தாள். ஆயிலாக இருந்தால் மேலே கண் கண்ணாக மிதக்க வேண்டும். ஒரு கண்கூட மிதக்கவில்லை. எல்லாம் அடியில் போய்ப் படிந்தது. ரேடியேட்டரின் முகத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னாள். எஞ்சினை ஓடவிட்டுக் கால் மணி ஆகியும் மேல்பாதி சுட்டது, கீழ்ப்பாதி சில்லென்று கிடந்தது. உள்ளே குழாய்கள் அடைத்திருக்கின்றன, தண்ணீர் இறங்கவில்லை. வேல்பாண்டி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். ரேடியேட்டருக்குள் கஞ்சி எப்படிக்கா வரும் என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் அவள் டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள்.

அன்னத்தாய் வீட்டு முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். விறைத்த துண்டைப் பார்த்ததுமே அவள் கை நின்றுவிட்டது.

"தண்ணி பத்தலத்தா. பாட்டில் தண்ணியெல்லாம் ஊத்தியும் பாதிதான் ரொம்புச்சு. பேர் கூப்புட்டு முடிச்சுட்டா அரைநாள் கூலி போயிருமேன்னு ஆளுக்கொரு தூக்குவாளி நீச்சத்தண்ணிய ஊத்திப்புட்டோம். வடிகட்டித்தான் ஊத்துனோம். என் தூக்குல மட்டும் மோரு கலந்திருந்துச்சு."

"ஏங்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"ஒன் வாய்க்குப் பயந்துதான். பானெட்டத் தொட்டாலே வைவ. ஒன் வண்டிக்குச் சோத்துத் தண்ணி குடுத்தோம்னு எவ சொல்லுவா?"

சங்கிலியம்மாளுக்குக் கத்த வேண்டும் என்றுதான் வாய் வந்தது. ஆனால் பொங்கி வந்தது சிரிப்பு. வெறும் வயிற்றோடு மலையேறி, தங்கள் மதியத்து நீராகாரத்தைத் தன் வண்டிக்குக் கொடுத்துவிட்டு, அன்று முழுக்கக் காய் பறித்திருக்கிறார்கள். அதைச் சொல்லக்கூடப் பயப்படும்படி அல்லவா தான் இருந்திருக்கிறோம் என்று நினைக்க வெட்கமாகவும் இருந்தது. அன்னத்தாயைக் கட்டிக்கொண்டு, வையவில்லை அக்கா, வையவில்லை என்று இரண்டு தடவை சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் விடிந்ததிலிருந்து வேலை. ரேடியேட்டரைக் கழற்றி, ராக்கப்பன் அண்டா அண்டாவாகக் காய்ச்சி ஆட்டோவில் அனுப்பிய வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றி ஊறவைத்தார்கள். அப்புறம் கீழ்வாயில் ஓஸை மாட்டி, தண்ணீரைத் தலைகீழாக அடித்தார்கள். கூழ் கூழாக வந்தது. அப்புறம் வந்தது ஒரு முழுச் சோற்றுப் பருக்கை. வேல்பாண்டி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். வடிகட்டின லட்சணம் இதுதானா என்று இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எஞ்சின் உள்ளேயும் அதே மாதிரி நான்கு தடவை கழுவி, தண்ணீர் தெளிந்து வந்த பிறகே கூலண்ட் ஊற்றினார்கள். எஞ்சினை இறக்கியிருந்தால் மூன்று வாரம் கழித்தும் இதே சூடுதான் ஏறியிருக்கும், நான்தான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன் என்று வேல்பாண்டி வாய்விட்டே ஒப்புக்கொண்டான்.

திங்கட்கிழமை ஸ்டாண்டில் ஒருவரும் நம்பவில்லை. வெடித்த ஹெட்டை ஒரே நாளில் யார் சரிபண்ணுவது? சூப்பர்வைசரும் நம்பாமல், வழியில் அவள் நின்றுவிட்டால் ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும்படி சுரேஷ்கண்ணனைக் காலி ஜீப்போடு பின்னாலேயே வரச் சொல்லியிருந்தார். சங்கிலியம்மாள் கண்ணாடியில் அவனைப் பார்த்துக்கொண்டே ஏறினாள். ஆறாவது வளைவு வந்தது. பன்னிரண்டு பேரும் முன்னால் எக்கி முள்ளைத்தான் பார்த்தார்கள். எட்டாவது வளைவு, பத்தாவது வளைவு. முள் பாதியிலேயே நின்றது. அதற்கு மேல் அவளுக்குப் பொறுக்கவில்லை, ஆக்சிலரேட்டரை மிதித்தாள். இளவட்ட எஞ்சின் உறுமிக்கொண்டு ஏறியது. கண்ணாடியில் காலி ஜீப் சின்னதாகிக்கொண்டே போனது.

எஸ்டேட் வாசலில் பன்னிரண்டு பேரும் இறங்கிய பிறகு சுரேஷ்கண்ணன் வந்து சேர்ந்தான். நேராக வந்து, கேட்காமலே அவள் பானெட்டில் கை வைத்துப் பார்த்தான். அவள் சத்தம் போடவில்லை.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீக? மதுரையில காட்டுனீகளா?"

"துணிய வெயில்ல போட்டேன்," என்றாள்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. சூப்பர்வைசர் தன் நோட்டில் அவள் வண்டி நம்பருக்கு நேரே அடித்திருந்த கோட்டை அழித்துவிட்டு, சேச்சி இனி சாவியைத் திருப்பலாமே, டீசல் வீணாகிறதே என்றார். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஓடட்டும் என்றாள் சங்கிலியம்மாள். அத்தனை பேரும் பார்க்க, பால் விடாத கட்டன்சாயா ஒன்று வாங்கி ஆற்றி ஆற்றிக் குடித்து முடிக்கிற வரைக்கும் அவள் வண்டியை அணைக்கவே இல்லை.