சற்குணம் ஐயாவின் தட்டு

ஒஸ்லோவில் நான் துப்புரவு வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் சற்குணம் ஐயா இருக்கிறார். எண்பது வயது. நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் தமிழரோடு இருபது வருடம் மீன் வெட்டியவர்; நோர்வேஜிய மொழி மட்டும் வரவில்லை. சித்திரையில் மனைவி ராசமலர் காலமான பிறகு இங்கே வந்தார். ஆவணிக்குள் சட்டை தோளில் தொங்கத் தொடங்கிவிட்டது. சாப்பாட்டுத் தட்டு போனபடியே திரும்பி வரும்.

தாதி ஹன்னா, ஸ்தவாங்கர் நகரில் இருக்கும் ஐயாவின் மகன் குலேந்திரனுக்குப் போன் எடுப்பாள். அவர்தான் மொழிபெயர்ப்பு.

“அப்பா, மனசிலை ஏதும் கவலையோ எண்டு கேக்கினம்.”

“எனக்கென்னடா கவலை? முருகன் புண்ணியத்திலை நல்லாயிருக்கிறன். நீ வேலையைப் பார்.”

ஹன்னா அதை அப்படியே எழுதுவாள். ஐயா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பார். மறதி நோயாக இருக்கும், கதவு பூட்டிய பிரிவுக்கு மாற்றுவோம் என்று பேச்சு நடந்தது.

அந்தப் புதன்கிழமை தாதிமாருக்கு வகுப்பு. பிற நாட்டு முதியவர்களின் மனத்தை எப்படிக் கேட்டறிவது என்று. “தங்கேஸ்வரி, நீயும் வந்து சொல்லு,” என்றாள் ஹன்னா.

“நான் அஞ்சாம் வகுப்புத்தான் படிச்சனான்.”

“நான் அவரோடு அஞ்சு சொல்லுகூடக் கதைக்கேல்லை,” என்றாள்.

பிள்ளையாரை நினைத்துக்கொண்டு, தெரிந்த நோர்வேஜிய மொழியில் சொன்னேன். மகனை வைத்துக் கேட்காதீர்கள். பெற்ற பிள்ளைக்கு முன்னால் எந்தத் தகப்பன் அழுவார்? கவலையா என்றும் கேட்காதீர்கள். பக்கத்தில் இருங்கள். மனைவி என்ன சமைப்பா என்று கேளுங்கள்.

மறுநாள் மதியம் ஹன்னா தன் மதியச் சாப்பாட்டுப் பாண் பெட்டியோடு போய் உட்கார்ந்தாள். போனில் முன்பின் தெரியாத ஒரு தமிழ்ப் பெண் மொழிபெயர்த்தாள். நான் கதவுப்பிடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

“ராசமலர் நல்லா மீன்குழம்பு வைப்பா,” என்றார் ஐயா. “அவ பக்கத்திலை இருக்காமல் நான் சாப்பிட்டதில்லை, பிள்ளை. இஞ்சை தட்டை வைச்சிட்டுப் போயிடுவினம். ஆரைப் பாத்துச் சாப்பிடுறது?”

ஹன்னா பெட்டியைத் திறந்து தின்னத் தொடங்கினாள்.

“இந்தக் காய்ஞ்ச பாணைத் திண்டே இவள் வேலை செய்யிறாள்?” என்றபடி ஐயா கரண்டியை எடுத்தார்.

பிரிவு மாற்றும் பேச்சு நின்றது.

ஞாயிறு ஹன்னாவுக்கும் எனக்கும் லீவு. கோயிலில் கும்பிட்டு நின்றபோதும் அந்தத் தட்டுத்தான் கண்ணுக்குள் இருந்தது. திங்கள் காலை ஓடிப்போய், நேற்றுச் சாப்பிட்டீங்களோ என்று ஐயாவைக் கேட்டேன்.

“நேற்று ஒருத்தரும் வந்து இருக்கேல்லை, பிள்ளை,” என்றார், சுவரைப் பார்த்தபடி.