டபுள் சிம்மின் பலவீனம்

ஒரு சூப்பர்ஹீரோவைப் பெற்றெடுக்க ஒரு தாள் போதும். பெயர், சக்தி, உடை, எதிரி, பலவீனம் என்று அதில் கட்டங்கள் இருக்கும். நிரப்பிவிட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து அந்த ஆளாகவே பேச வேண்டும். ஜெயித்தானா தோற்றானா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பெங்களூரில் வேலை பார்த்துத் திரும்பிய என் மச்சினன்தான் இந்த விளையாட்டை, கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் பாறசாலைக்குக் கொண்டுவந்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் என் போட்டோஸ்டாட் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நான்கு பேர் உட்காருவோம். மச்சினன், நான், பக்கத்து வீட்டு டீச்சர், ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பெஞ்சில் இருந்த கூட்டுக்காரன்.

என் முதல் ஹீரோ பறக்கத் தெரிந்தவன். முதல் சண்டையிலேயே கிணற்றில் விழுந்து செத்தான்.

“அத்தான், பலவீனத்துல ‘ஒண்ணும் இல்ல’ன்னு எழுதினா ஆரு நம்புவா? உண்மையான ஒண்ணு வேணும். அப்பதான் ஆளுக்கு உயிரு வரும் ஆக்கும்” என்றான் மச்சினன்.

உண்மையான பலவீனம் என்னிடமே ஒரு வண்டி இருந்தது. அந்தப் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கூட்டுக்காரன் கொஞ்ச நாள் முன்பு நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரிசப்ஷன் வேலைக்கு இன்டர்வியூ போயிருந்தான். எங்கள் எல்லோரையும் போல அவனும் சந்தையில் மலையாளத்தில் பேரம் பேசுவான், சண்டை போடுவான். ஆனால் மூன்று பேர் கோட்டுப் போட்டு எதிரே உட்கார்ந்ததும் பயத்தில் வீட்டுத் தமிழ் வெளியே வந்துவிட்டது. அவர்களில் ஒருவர், வேலைக்காக எல்லை தாண்டி வந்தாயா என்று சிரித்தாராம். அவன் எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்துக் குளத்தூரில் பிறந்து, குளத்தூரிலேயே ஓட்டுப் போடுகிறவன்.

“எனக்க நாக்கு நான் சொன்னா கேக்கல மக்கா. வீட்டுலகூட சொல்லல. நீ ஆருட்டயும் சொல்லாத.”

அடுத்த மாதம் இன்னொரு முறை வரச் சொல்லியிருந்தார்கள். அதனால் தினமும் காலையில் கடை திறக்கும் முன் நான் அதிகாரி ஆனேன். மலையாளத்தில் அதட்டுவேன், அவன் மலையாளத்தில் பதில் சொல்வான். நாங்கள் இருவரும் எங்களுக்குள் அதுவரை மலையாளம் பேசியதே இல்லை. அதனால் இரண்டு கேள்விக்கு ஒரு முறை சிரிப்பு வந்துவிடும். ஆனாலும் அவன் தேறிக்கொண்டு வந்தான்.

அந்த ஞாயிறு என் புதிய ஹீரோவை வாசித்தேன். பெயர் டபுள் சிம். உடை, மடித்துக் கட்டிய கைலி. சக்தி, அவன் மலையாளத்தில் எதைச் சொன்னாலும் கேட்பவன் அதைச் செய்வான். பலவீனம், பயந்தால் நாக்கு தமிழுக்கு மாறிவிடும், சக்தி போய்விடும். பெயரைச் சொல்லவில்லையே, பிறகென்ன ரகசியம் என்று எனக்கு நானே வக்கீலாகியிருந்தேன்.

டீச்சர் கை தட்டினார். மச்சினன் வில்லனாக மாறி, கண்ணை உருட்டி, “நிங்ஙள் எவிடெ நின்னாணு?” என்று எந்த ஊர்க்காரன் எனக் கேட்டான். பகடையை உருட்டினேன். இரண்டுதான் விழுந்தது, தோல்வி. ஹீரோ பயந்தாக வேண்டும்.

நான் பயந்தேன். தோளைச் சுருக்கி, எச்சில் விழுங்கி, “இல்ல சார்... வந்து... நான் இஞ்ச உள்ள ஆளுதான் சார்...” என்றேன். கடை திறக்கும் முன் அவன் எனக்கு நடித்துக் காட்டியதை அப்படியே செய்தேன். இவ்வளவு நன்றாக நான் எதையும் நகலெடுத்ததில்லை. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கூட்டுக்காரனும் சிரித்தான். அதுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

சிரிப்பு அடங்கியதும் அவன் கேட்டான். “பின்ன அவனுக்கு வேல கிட்டிச்சா?”

நிறுத்துவதற்கு அது நல்ல இடம். ஆனால் மேசையில் சிரிப்பு இன்னும் பாக்கி இருந்தது. “அவனுக்கு ஆருலே வேல குடுப்பா?” என்றேன்.

அவன் தன் பகடையை டப்பாவில் போட்டான். “அம்மைக்கு மருந்து வாங்கணும். வாறேன்” என்று சொல்லி, பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து போனான்.

மறுநாள் காலை கடையின் முன் கேள்விகளோடு நின்றேன். வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நான் அனுப்பிய செய்திகளை வாசித்தான் என்பது மட்டும் போனில் நீலமாகத் தெரிந்தது.

மழைக்காலத்தில் முதுகு பிடித்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால், இஸ்திரி போட்ட சட்டையில் அவன் உட்கார்ந்திருந்தான். எனக்கு முன்னால் நின்ற கிழவரிடம் பிசிறில்லாத மலையாளத்தில் பேசி அனுப்பினான். என் முறை வந்தது. வீட்டிலிருந்தே ஒரு ஜோக் தயார் செய்து கொண்டுபோகிறவன் நான். அன்று முதுகில் கை வைத்தபடி நின்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். கோபம் இல்லை. கிழவரைப் பார்த்த அதே மரியாதை.

“பேரு பறயூ.”

முப்பது வருடமாக அவன் கூப்பிட்ட பெயரை அவனிடம் சொன்னேன். எழுதிக்கொண்டான்.

“வயசு?”

“எலே... வந்து... உனக்க வயசுதாம்லே எனக்கும்” என்றேன்.

“வயசு பறயூ, சேட்டா.”

சொன்னேன். டோக்கனைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினான். “பதினாலு. அவிடெ இரிக்கூ.”

அங்கே போய் உட்கார்ந்தேன்.